அசல் என்று சொல்லாதவர்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது பிளக்கைத்தான். வீட்டுக்காரர் வாங்க வாங்க என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். இவர் உட்கார மாட்டார். மூலையில் பழைய சேலை போர்த்திக் கிடக்கும் கேம் பெட்டிக்குப் பின்னால் போய், ஒயரைக் கையில் பிடித்து, அது எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பார். பிறகு பலகையை முகர்ந்து பார்ப்பார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் வீட்டுக்காரருக்கு ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

காசு போட்டு ஆடுகிற அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டிகளைத் தேடிப் பிடித்து, பெங்களூரில் அவற்றைச் சேர்த்து வைக்கிறவர்களுக்கு விற்பது அவர் தொழில். ஆள் உயரத்துக்கு நிற்கும், நெஞ்சளவில் ஒரு டிவி, அதற்குக் கீழே ஒரு குச்சியும் நாலைந்து பொத்தானும். தியேட்டர் வாசலிலும் பேக்கரியிலும் நின்றவை. நான் அப்போது புதுக்கோட்டையில் குட்டியானை என்று நாங்கள் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்டி ஏற்ற என்னைத்தான் கூப்பிடுவார். எட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "யாரைக் கேட்டு எழுதுனீங்க" என்று எங்கிருந்தாவது போன் வரும். நான் அவரை மேடம் என்பேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கு நான் தம்பி.

முதல் நாள் என் லைசென்ஸை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். வண்டி நம்பரை நோட்டில் எழுதினார். அதோடு விட்டாரா? ஸ்டாண்டுப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், நான் கூடவே நிற்கும்போது, "இவரு எப்படிங்க, நல்லவரா?" என்று கேட்டார். டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "தங்கமான ஆளுங்க" என்றார். வண்டியில் ஏறியதும் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இம்புட்டு வேகமா நல்லவருன்னு சொல்றாருன்னா, அவரு ஒங்களுக்குச் சொந்தக்காரராத்தான் இருக்கணும்."

அந்த டீக்கடைக்காரர் எனக்குத் தூரத்து மாமா.

எந்த ஊருக்குப் போகிறோம் என்று ஏறும்போது சொல்ல மாட்டார். சொன்னால் நான் யாருக்காவது போன் போட்டு, அவன் முந்திப் போய்ப் பெட்டியைத் தூக்கிவிடுவான் என்று பயம். முக்குக்கு முக்கு இங்கிட்டு, அங்கிட்டு என்று கையைக் காட்டுவார். டீசல் போட வேண்டுமே மேடம், எவ்வளவு தூரம் என்று கேட்டால், "நெறையாவே போட்டுக்கங்க" என்பார். ஒருமுறை அப்படி நிறையப் போட்டுக்கொண்டு போனது அடுத்த தெருவுக்கு.

கொடும்பாளூர் வழியாக வந்த ஒரு நாள், வெயிலுக்கு மூவர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்தினேன். "மூவருன்றாங்க, ரெண்டுதான நிக்கிது?" என்றார். மூணாவது இடிந்து போனது மேடம் என்றேன். "யாரு பாத்தா? ரெண்டக் கட்டிட்டு மூணுன்னு சொல்லியிருக்கலாமில்ல?" ஆயிரம் வருஷத்துக் கோயிலையே இந்தக் கேள்வி கேட்கிறவரிடம் நான் என்னத்தைச் சொல்ல. விறுவிறுவென்று உள்ளே போனார். தரையோடு தரையாக மூணாவதன் அடித்தளம் இருந்தது. அதைக் காலால் தட்டிப் பார்த்தார், குனிந்து கையால் தடவினார். "அடி இருக்கு. அப்ப சரிதான்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். அரசாங்கத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது அந்த முகம்.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. குளத்தூரில் ஒரு பழைய பேக்கரிக்காரர், பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த 'மேட் இன் ஜப்பான்' ஸ்டிக்கரைக் காட்டி, "இதுக்கு மேல என்னங்க அத்தாட்சி வேணும்?" என்று கேட்டார். மேடம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"இத நானே ஒட்டியிருப்பேங்க" என்றார்.

வேடிக்கைக்குச் சொன்னதில்லை. பதினெட்டு வயதில் மெட்ராஸில் ஒரு ஷெட்டில் அவர் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஜப்பான் பெட்டி ஒன்று வந்து இறங்கும். ஆசாரிகள் அதைப் பலகை பலகையாகப் பிரித்துத் தரையில் பரப்பி, அட்டையில் அளவெடுத்துக்கொள்வார்கள். அதே அளவில் நம் ஊர்ப் பிளைவுட்டை அறுத்துப் பெட்டி பெட்டியாகப் பூட்டுவார்கள். உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டை இன்னொரு பக்கம் ஷெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து நகலெடுப்பார்கள். எல்லாம் முடிந்து வருகிற கடைசி மேஜையில் ஸ்டிக்கர். அந்த மேஜையில் இவர் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

பிரித்துப் போட்ட அசல் பெட்டி என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதத் திருப்பிப் பூட்ட யாருக்குத் தெரியும்? கக்கூஸுக்குத் தடுப்பா அடிச்சுட்டாங்க தம்பி. இன்னைக்கு அந்தக் கக்கூஸு இருந்தா அதையே வெலைக்கி வாங்கிருவேன்."

நம் பக்கத்தில் அசல் ஏன் இவ்வளவு அபூர்வம் என்பதற்கு அவர் இன்னும் பல காரணங்கள் சொல்வார். ஒரு ஆட்டம் பழசானால் உள்ளே இருக்கும் போர்டைப் பிடுங்கிவிட்டு வேறு போர்டு மாட்டுவார்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெட்டிக்கு ஆயில் பெயிண்ட் அடித்துச் சந்தனம் பூசுவார்கள், நம்பர் தகடு அந்தப் பூச்சுகளுக்குள் புதைந்துபோகும். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் பெட்டிகள் கோழி அடைக்கவும் நெல் கொட்டவும் போயின. தப்பிப் பிழைத்ததிலும் பெட்டி ஒரு இடத்தில் செய்தது, போர்டு ஒரு இடத்தில் செய்தது, டிவி நம் ஊர் டிவி. "பொட்டியவும் நம்பாதீங்க, போர்டையும் நம்பாதீங்க. ரெண்டும் ஒண்ணாப் பொறந்துச்சான்னு பாருங்க" என்பார். அப்படி ஒன்றாகப் பிறந்ததை நான் அவரோடு ஓடிய மூன்று வருஷத்தில் கண்டதில்லை. அசல் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தும் நான் கேட்டதில்லை.

பிளக் விஷயமும் அந்த ஷெட்டில் கற்றதுதான். ஜப்பானில் வீட்டுக் கரண்டு நம்முடையதில் பாதி கூடக் கிடையாதாம். அங்கே செய்த பெட்டியை இங்கே ஓட்ட வேண்டுமானால், கரண்டைக் குறைத்துக் கொடுக்க நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தாக வேண்டும். ஒயர் நேராகச் சுவருக்குப் போனால், அது மெட்ராஸ் பெட்டி. அவருக்கு அது ஒன்று போதும்.

இப்படிப்பட்டவரை என் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அக்காவை எங்கள் பக்கம் லாத்தா என்போம். லாத்தாவுக்குக் கோட்டைப்பட்டினத்தில் வீடு. மச்சான் இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் சிங்கப்பூர் போகிறேன் என்று போனவர், இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தார். அங்கிருந்து கடிதம் கூடச் சரியாக வரவில்லை. வந்தபோது பின்னாலேயே ஒரு லாரியில் கேம் பெட்டி வந்து இறங்கியது. வேலை பார்த்த கேம் கடையை மூடும்போது முதலாளி கொடுத்தார், கப்பலில் மெட்ராஸுக்குப் போட்டு எடுத்துவந்தேன் என்றார். முன் அறையில் வைத்துக் கொஞ்ச காலம் காசுக்கு ஆட்டம் நடத்தவும் செய்தார்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்த இரண்டு வருஷத்தில் மச்சானை மெட்ராஸ் மண்ணடியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கூட ஒரு பெண் இருந்ததாக இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். பழைய பாஸ்போர்ட் எங்கே என்றால், ஏஜெண்டு திருப்பித் தரவில்லை என்பார் மச்சான். ஆக, அவர் சிங்கப்பூரில்தான் இருந்தார் என்பதற்கு லாத்தாவிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டி. யார் எதைக் கிளப்பினாலும், "அப்ப இந்தப் பொட்டி எங்கிட்டு இருந்து வந்துச்சாம்?" என்று கேட்பாள். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

லாத்தாவுக்கு விற்கிற எண்ணம் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் வாயால், இது வெளிநாட்டுப் பெட்டிதான் என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் அவளுக்கு. எனக்கு? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் மச்சான் மேல் ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது. அதனால் மேடத்திடம் இந்தக் கதை எதையும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். சொன்னால் இரக்கப்பட்டு மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன்.

மேடம் வழக்கம்போல் பிளக்கைப் பார்த்தார். ஒயர் நேராகச் சுவருக்குப் போயிற்று. பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தார். முகர்ந்தார். லாத்தா உள்ளே போய், பெட்டிக்குள் கிடந்ததாக மச்சான் எடுத்துக் கொடுத்திருந்த சிங்கப்பூர் நாணயம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்குமேம்மா" என்றார் மேடம். அதுவும் உண்மைதான். கோட்டைப்பட்டினத்தில் பிள்ளைகள் தாயம் விளையாடக்கூட அந்தக் காசைத்தான் வைத்துக்கொள்ளும்.

"அப்ப என்னங்க சொல்றீங்க?" என்றாள் லாத்தா.

"லோக்கல்மா. மெட்ராஸ்ல அடிச்சது."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்மா."

லாத்தா அந்த நாணயத்தை முந்தானை நுனியில் முடிந்தாள், அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள். மேடம் வெளியே வந்து வண்டியில் ஏறிவிட்டார். வழியில், மீமிசல் தாண்டியதும், நான் மொத்தக் கதையையும் சொன்னேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன மேடம் சொல்லியிருப்பீங்க?"

"அப்பவும் அதத்தான் சொல்லியிருப்பேன். பொட்டிக்கித் தெரியுமா தம்பி, யாரு புருசன் எங்க இருந்தாருன்னு?"

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் கூப்பிட்டபோது வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பிழைப்பு.

மச்சான் இறந்த நாளுக்கு வருஷா வருஷம் லாத்தா நெய்ச்சோறு ஆக்கி, பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு, போனவர் மறுமைக்காக அவர் பேரில் ஃபாத்திஹா ஓதவைப்பாள். அந்த வருஷம் ஓதவில்லை. ஹஜ்ரத்தே ஞாபகப்படுத்தி ஆள் அனுப்பியிருக்கிறார். "இந்த வருசம் வேணாங்க" என்று சொல்லியனுப்பிவிட்டாள். எனக்கு அது சொந்தக்காரர்கள் மூலமாகத்தான் தெரிந்தது. நான் போய்க் கேட்கவில்லை. அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். இத்தனை வருஷம் ஊர் சொன்னதை நம்பாதவள், வெளியாள் ஒருத்தி சொன்ன ஒரே சொல்லை நம்பிவிட்டாள். அதுவும் யாரையும் நம்பாத ஒருத்தி சொன்ன சொல்லை.

ஏழு மாதம் கழித்துக் கீரமங்கலத்தில் ஒரு பூக்கடைக்குப் போனோம். கடைக்காரர் பழைய கேம் பெட்டி ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன் மேல் ஈரச் சாக்கை விரித்துக் கதம்பம் வைத்திருந்தார். அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். மேடம் ஒயரைப் பார்த்தார். நேர் ஒயர். "லோக்கல்ங்க" என்றார். கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். "எங்கண்ணன் மாட்டுன ஒயரு அப்புடியே இருக்கு, நீங்க வந்து லோக்கல்ன்றீங்க" என்று பெட்டியை நிமிர்த்த இழுத்தார். வருஷக்கணக்கில் ஈரம் குடித்த பெட்டி, ஒரு பக்கப் பலகை மூட்டோடு கழன்று கையோடு வந்துவிட்டது.

கழன்ற இடத்தில், பசை காய்ந்து கிடந்த பள்ளத்துக்குள், பென்சிலால் சீன எழுத்து எழுதியிருந்தது. மேடம் டார்ச்சை எடுத்தார். எதிர்ப் பலகையிலும் அதே எழுத்து. எந்தப் பலகை எதோடு சேரும் என்று ஆசாரி போட்டுக்கொள்கிற அடையாளம். பசைக்கு அடியில் இருக்கிறது, ஆகவே பூட்டுவதற்கு முன்னால் எழுதியது. பின்னால் வந்து யாரும் எழுதிவிட முடியாது. பலகையின் உள் முகத்தில் சிங்கப்பூர் முகவரி அச்சடித்த மரக்கடைத் தாள் ஒன்றும் பாதி மக்கி ஒட்டியிருந்தது.

கீழே சரிந்த ஈரச் சாக்கின் மேலேயே மேடம் உட்கார்ந்துவிட்டார். சேலையெல்லாம் ஈரம்.

"சிங்கப்பூர்ல கரண்டு என்ன தம்பி, நம்ம கரண்டுதான?"

அங்கே போய் வந்தவர்கள் நம் ஊர் அயர்ன் பாக்ஸை அங்கே மாட்டியதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றேன்.

"அங்கயும் ஒரு ஷெட்டு இருந்திருக்கு" என்றார். "அங்கயும் ஜப்பான் பொட்டியப் பிரிச்சுப் போட்டு அளவெடுத்திருக்கானுங்க. லோக்கல்னா மெட்ராஸு ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன் பாருங்க. நான் வேலை பாத்த எடந்தான் ஒலகம்னு நெனச்சுட்டேன்."

பூக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் பெட்டி அசலா லோக்கலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேடம் எழுந்து வண்டிக்கு வந்தார். ஏறி உட்கார்ந்ததும், அவரோடு ஓடிய நாளில் முதல் தடவையாக, போகிற ஊரின் பெயரைச் சொன்னார்.

"கோட்டைப்பட்டினம் விடுங்க. ஒரு மூட்டு, ஒரே ஒரு மூட்டத் தெறந்து பாத்தாப் போதும்."

அறந்தாங்கி வழியாக வண்டியை விட்டேன். எழுத்து இருக்க வேண்டுமே என்று மனசுக்குள் ஓதிக்கொண்டே ஓட்டினேன். இருந்தால் மச்சான் நல்லவர். இல்லையென்றால் பழைய கதைதான்.

லாத்தா கதவைத் திறந்து எங்களைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. முன் அறையில் பெட்டி நின்ற இடத்தில் வாஷிங் மெஷின் நின்றது.

"பொட்டி எங்கம்மா?" என்றார் மேடம்.

"ஒடச்சாச்சு. நீங்க வந்துட்டுப் போன மறு வாரமே ஆளக் கூப்பிட்டு ஒடைக்கச் சொன்னேன். ரொட்டிக்கட அடுப்புக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"ஒரு துண்டு? ஒரு பலகை? கதவாவது?"

"ஒண்ணும் இல்லைங்க. எதுக்குக் கேக்குறீங்க?"

மேடம் அந்த மூலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு கீரமங்கலத்தில் கண்டதைச் சொன்னார். சீன எழுத்து, சிங்கப்பூர்த் தாள், கரண்டு, எல்லாம். தான் அன்றைக்கு மூட்டைத் திறக்காமல் ஒயரை மட்டும் பார்த்துச் சொன்னதையும் சொன்னார். ஒரு பெட்டியைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் சொன்னார்:

"ஒங்க பொட்டியும் சிங்கப்பூருதாம்மா. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

லாத்தா அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பாத்துட்டுச் சொன்னீங்க, அது தப்புன்றீங்க. இன்னைக்குப் பாக்காமச் சொல்றீங்க, இது சரின்றீங்க. எத வச்சுங்க நம்புறது?"

மேடம் பையின் ஜிப்பைத் திறந்தார், டார்ச்சை உள்ளே போட்டார், மூடினார். வாறேம்மா என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வண்டி கிளம்பி வெகு தூரம் வந்த பிறகு கேட்டார்:

"ஒங்க லாத்தா நம்பல, இல்ல?"

"நீங்களா இருந்தா நம்புவீங்களா மேடம்?"

"மாட்டேன்" என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷத்தோடு அவர் பெட்டி வாங்குவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு மகளோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அன்று அவர் நிஜமாகவே நம்பித்தான் சொன்னாரா, செய்த தப்புக்குப் பரிகாரமாக ஒரு பொய்யைச் சொன்னாரா என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பொய் ஸ்டிக்கர் ஒட்டிய கைதானே என்று ஒரு நேரம் தோன்றும். யாருக்காகவும் ஒரு சொல்லை மாற்றாத ஆளாயிற்றே என்று இன்னொரு நேரம் தோன்றும். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியதில் அந்தச் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

மச்சானின் நாள் மறுபடி வந்தது. லாத்தா போன் செய்து, ஹஜ்ரத்துக்குச் சொல்லியாகிவிட்டது, நேரத்தோடு வந்துவிடு என்றாள். போனபோது கொல்லையில் நெய்ச்சோறு தம்மில் இருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தம்மா சொன்னத நம்பிட்டியா லாத்தா?"

"நம்பல" என்றாள். மூடியின் மேல் நெருப்புக் கங்குகளைப் பரப்பிக்கொண்டே சொன்னாள்:

"ஒருவேள நெசமா இருந்து, நான் ஓதாம விட்டுட்டேன்னா, அந்த மனுசன் அங்கிட்டு என்னப் பத்தி என்ன நெனப்பாரு?"